ஊர் காண்டலும் உண்மை காண்டலும்: பாங்காக்கு பற்றிய பயண எழுத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஊர் காண்டல் தமிழர்க்குப் புதியதன்று. ஆற்றுப்படை நூல்கள் செல்லும் வழியையும் வழியிடை ஊர்களையும் காட்டின. மதுரைக்காஞ்சி ஒரு நகரின் பகலையும் இரவையும் பின்தொடர்ந்து கண்டது. ஊர் காணப் புறப்பட்ட ஒருவன் கண்டவற்றை ஒரு காதையாகவே விரித்தது சிலப்பதிகாரம். எனினும், பயண நூல் என்னும் உரைநடை வகை நம் மொழியில் செழித்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-இல் வெளிவந்தது. தனிநாயக அடிகளாரின் 'ஒன்றே உலகம்' 1966-இல் வெளிவந்தது. இவற்றிற்குப் பின்னர்த் தோன்றிய பயணக் கட்டுரைகள் எண்ணிலடங்கா. ஆயினும், அவற்றை இலக்கியமாகக் கொண்டு மதிப்பிடும் திறனாய்வு நம்மிடையே போதிய அளவு வளர்ந்திலது. பயண நூல் படிப்பதற்கு எளியது. ஆதலின் ஆராய்ச்சிக்கு உரியதன்று என்னும் எண்ணம் இதற்கொரு காரணமாகலாம்.

இன்று சென்னைத் தியாகராய நகரின் தெருக்களில் நடப்போர், பாங்காக்கு நகரைச் சில நாளிற் காட்டி மீட்டு வருவதாகக் கூறும் அறிவிப்புப் பலகைகளைக் காண்பர். அந்நகரம் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தினர்க்கு எட்டிய வெளிநாடாகிவிட்டது. செல்வோர் மிகுந்தமையின் எழுதுவோரும் மிகுந்தனர். அவ்வெழுத்துகளின் பொதுவியல்பை எடுத்துக்கொண்டு, அவை எதனைக் காண்கின்றன, எதனைக் காணாது விடுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனி ஒருவர் எழுத்தைக் குறைகூறல் நம் கருத்தன்று.

அளவுகோல்கள் இரண்டு

ஒன்றை மதிப்பிட அளவுகோல் வேண்டும். அதனைப் பிறமொழித் திறனாய்விலிருந்து கடன் பெற வேண்டுவதில்லை. நம் இலக்கியத்திலேயே இரண்டு உள.

முதலாவது, சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை. கோவலன் மதுரையுட் புகுந்து மணிக்கடைத் தெருவையும் பொற்கடைத் தெருவையும் அறுவை வீதியையும் கூலக் கடைகளையும் காண்கின்றான். நவமணிகளின் இயல்புகளை வகை வகையாக எடுத்துரைக்கும் பகுதி, வாணிகக் குடியிற் பிறந்தவன் கண் எங்கே நிற்கும் என்பதை நன்கு புலப்படுத்தும். கண்டு மகிழ்ந்து புறஞ்சேரிக்கு மீள்கின்றான். அவ்வூரே அடுத்துவரும் காதைகளில் அவனைக் கொல்கின்றது. அவன் கண்ட பொருள்களில் ஒன்றேனும் பொய்யன்று. ஆயினும் ஊரை அவன் அறிந்திலன். காண்டல் வேறு, அறிதல் வேறு என்னும் உண்மையை இளங்கோவடிகள் எடுத்துரையாது காதைகளின் வைப்புமுறையாலேயே உணர்த்தினார்.

இரண்டாவது, ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் திருமயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைப் பதிகம். பாம்பு தீண்டி இறந்த சிவநேசர் மகளின் எலும்பு நிறைந்த குடத்தின் முன்னின்று பாடியதாகப் பெரியபுராணம் கூறும் பதிகம் அது. இறந்த பெண்ணை மீண்டு வருமாறு அழைக்கும் அப்பாடல்களில் வீடுபேறு பேசப்படவில்லை. தாய் தந்தையர் துயரும் பேசப்படவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையின் விழாக்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. இவற்றைக் காணாமலே போய்விடுவாயோ என்னும் வினாவே பாட்டுத்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றது. ஊரிற் காணத்தக்கது எதுவென்பதற்கு இப்பதிகம் தரும் விடை தெளிவானது. கட்டடங்களைவிட, ஓர் ஊரார் கூடி ஆண்டுதோறும் செய்வதே காணத்தக்கது.

ஆகவே, கண்டதைக் கொண்டு அறிந்துவிட்டோம் என மயங்காமை ஒன்று. ஊராரின் வாழ்வையும் விழாவையும் காண்டல் மற்றொன்று. இவ்விரண்டையுமே அளவுகோலாகக் கொள்வோம்.

காட்சிப் பட்டியலும் உரிமை கோரலும்

பாங்காக்கு 1782-இல் முதலாம் இராமர் எனப்பெறும் மன்னரால் தலைநகராக்கப்பட்டது. அதற்கு முன்னைத் தலைநகரங்களுள் பெரியதாகிய அயுத்தயா 1767-இல் பர்மியப் படையால் அழிவுற்றது. தாய்லாந்து மக்கள் தம் தலைநகரைக் குருங்தேப் என்பர். தேவர் நகர் என்பது அதன் பொருள். அதன் நீண்ட முழுப்பெயரில் அயோத்தியும் இந்திரனும் விசுவகருமனும் இடம்பெறுகின்றனர். அழிந்த நகரின் நினைவையும் தெய்வங்களின் காவலையும் ஒரு பெயரிற் பொதிந்துவைத்த செயல் இது.

நம் பயணக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை இரண்டு வகையுள் அடங்கும். முதல் வகை காட்சிப் பட்டியல். மரகதப் புத்தர் கோயில், வாட் போ என்னும் கோயிலில் 46 மீட்டர் நீளங்கொண்டு கிடக்கும் புத்தர், சாவோ பிரயா ஆற்றங்கரை வாட் அருண், மிதக்கும் சந்தை, துணிக்கடைகள், உணவின் விலை என வரிசையாகச் செல்லும். இவ்வகை கோவலனது காட்சியை ஒத்தது. பிழையென்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் இதிற் சிக்குவதில்லை. மரகதப் புத்தருக்கு வெயில், மழை, குளிர் என்னும் மூன்று பருவத்திற்கும் அரசரே ஆடை மாற்றுகின்றார் என்பதை ஒரு வரியிற் குறித்துவிட்டு மேற்செல்வர். அரசும் சமயமும் பருவமும் ஒரு செயலில் இணைந்து நிற்றலை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இரண்டாம் வகை உரிமை கோரல். மரகதப் புத்தர் கோயிலின் சுற்றாலைச் சுவரில் 178 பகுதிகளாக இராமகாதை தீட்டப்பட்டுள்ளது. அதனைக் கண்டவுடன், நம் இராமாயணம் இங்கும் வாழ்கின்றது என எழுதி அமைவர். இராமகியன் எனப்பெறும் அக்காதை, முதலாம் இராமர் 1797-இல் தொகுத்து இயற்றுவித்த வடிவில் நிலைபெற்றது. அதில் அனுமன் பிரமசாரி அல்லன். காதல் பல புரிபவன். சேது கட்டுங்கால் கற்களைக் கவர்ந்து செல்லும் கடற்கன்னி, இராவணன் மகளாகிய சுவண்ணமச்சா. அவள் அனுமனைக் காதலித்து அவனுக்கு ஒரு மகனைப் பெறுகின்றாள். கம்பனைக் கற்றவன் இச்சுவரின் முன் நின்றால் வியப்படைய வேண்டும். ஒருவேளை மனம் மாறுபடவும் கூடும். வியப்பும் மாறுபாடும் இல்லாத வெறும் மகிழ்ச்சி, சுவரை நோக்காது தன்னையே நோக்கியவனுக்கு உரியது.

இவ்விரண்டாம் வகையே கூடுதலான ஆராய்ச்சிக்கு உரியது. ஏனெனில் இது பயண நூலில் தொடங்கி ஆராய்ச்சிக் கட்டுரைக்குள்ளும் மேடைப் பேச்சுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. இதற்கு எடுத்துக்காட்டாகப் பாங்காக்கு நகரின் பேரூசலை எடுத்துக்கொள்வோம்.

பேரூசலும் பாவையும்

வாட் சுதாட் கோயிலுக்கு முன்னர்ச் செந்நிறத் தேக்குத் தூண்கள் ஓங்கி நிற்கின்றன. சாவ் சிங் சா என்பது அதன் பெயர். முதலாம் இராமர் 1784-இல் தேவசதான் என்னும் அந்தணர் கோயிலின் முன் நிறுவிய ஊசல் அது. 1920-இல் இன்றுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. பழைய மரங்கள் நைந்தமையால் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதுக்கப்பட்டு, 2007-இல் மீண்டும் நிறுவப்பெற்றது. முற்காலத்தில் ஆண்டுதோறும் இங்கே ஊசல் விழா நடைபெற்றது. நால்வர் கொண்ட குழுவினர் நாகமுடி அணிந்து ஊசலேறி உந்தி, உயர்ந்த மூங்கிலில் தொங்கும் பொற்கிழியைப் பல்லாற் கவ்வுவர். அரசரால் அமர்த்தப்பெற்ற பெருமகன் ஒருவர் சிவபெருமானின் சார்பாக, ஒரு காலை மற்றொரு காலின்மீது வைத்தவாறு நிலையாக இருந்து அதனைக் காண்பார். இவ்வூசலாட்டு 1935-இல் நின்றது. தேவசதான் கோயிலினுள் நிகழும் சடங்குகள் மட்டும் இன்றும் தொடர்கின்றன.

இவ்விழாவின் பெயர் திரியம்பவாய் - திரிபவாய் என்பது. இப்பெயரே தமிழறிஞர் கருத்தை ஈர்த்தது. திரியம்பவாய் என்பது திருவெம்பாவை என்னும் பெயரின் திரிபு என்றும், திரிபவாய் என்னும் பெயர் திருப்பாவையும் ஓதப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டுகின்றது என்றும் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் கருதினார். தனிநாயக அடிகளாரும் தாய்லாந்து அரண்மனைச் சடங்குகளில் வழங்கும் தமிழ்ப் பாடலைப் பற்றித் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார். கத்தோலிக்கத் துறவியாகிய அவர் சைவத் திருமுறையின் செலவை அத்துணை ஈடுபாட்டுடன் தேடியமை, ஆராய்ச்சியாளன் தன் சார்பினும் பெரியவனாதல் கூடும் என்பதற்குச் சான்றாகும்.

இவர்கள் காட்டிய வழியைப் பின்பற்றிச் சான்றுகளை நிறுத்துப் பார்ப்போம். கருத்துக்கு அரணாவன நான்கு. ஒன்று, பெயர்கள் தனித்து நில்லாது இணையாய் நிற்றல். ஒரு பெயரின் ஒலியொப்புமை தற்செயலாகலாம். இரு பெயரும் இணைந்து ஒத்தல் அவ்வளவு எளிதில் தற்செயலாகாது. இரண்டு, விழாவின் முற்பகுதி இசுவன் எனப்பெறும் சிவனுக்கும், பிற்பகுதி நராய் எனப்பெறும் திருமாலுக்கும் உரியதாதல். இது திருவெம்பாவை, திருப்பாவை என்னும் வரிசையோடு முற்றப் பொருந்துகின்றது. மூன்று, விழாக் காலம் நம் மார்கழி, தைத் திங்கள்களை ஒட்டி வருதல். நான்கு, அரண்மனை அந்தணரிடம் வழங்கிய கிரந்த எழுத்துச் சுவடிகள். சே. ஆர். மார் என்னும் ஆங்கில நாட்டுத் தமிழறிஞர் அவற்றை ஆராய்ந்தார். நீலகண்ட சர்மாவின் ஆய்வு 1972-இல் புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அச்சுவடிகளில் வடமொழிப் பகுதிகளோடு தமிழ்த் திருமுறைப் பாடல்களும் உள என்பது இவற்றாற் புலனாயிற்று.

இனி, கருத்தின் எல்லைகளையும் மறையாது கூற வேண்டும். திருவெம்பாவை 20 பாடல்களாலும் திருப்பாவை 30 பாடல்களாலும் ஆயவை. இரண்டிலும் மகளிர் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் செல்லுதலே செய்தி, ஊசலாடுதல் இல்லை. திருவாசகத்தில் ஊசற்பாட்டு உண்டு. அது திருப்பொன்னூசல் என்னும் வேறொரு பதிகம். விழாவின் பெயரிலோ அப்பதிகத்தின் சாயல் இல்லை. பாவைப் பாடல்கள் கன்னியர் வாய்மொழி. பாங்காக்கின் விழாவோ அந்தணரும் பெருமக்களும் செய்யும் அரசச் சடங்கு. மேலும், ஊசலைச் சடங்கிற் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வேத வேள்விகளுள் ஒன்றாகிய மகாவிரதத்தில் ஓதுவோன் ஊசலில் அமர்தல் உண்டு. ஆகவே பாட்டு ஒரு வழியாலும் ஊசல் வேறொரு வழியாலும் வந்து ஒரு விழாவிற் கூடியிருத்தல் இயலாததன்று.

வந்த காலமும் வழியும் தெளிவுறவில்லை. தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தகுவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிக்கின்றது. தமிழ் வணிகர் அங்கே தங்கி வாழ்ந்தமைக்கு இது சிறந்த சான்று. ஆனால் குளம் தொட்டவர் பாவை பாடினர் என்று அக்கல் கூறவில்லை. அக்கல்வெட்டிற்கும் பாங்காக்கில் ஊசல் நிறுவப்பெற்றமைக்கும் இடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் உள. அவ்விடைவெளியை நம் விருப்பத்தாற் பாலமிட்டுக் கடத்தல் ஆகாது.

எனவே, பாடலும் பெயரும் தமிழிலிருந்து சென்றவை என்பது வலிமையுடைய கருத்து. ஊசலாட்டும் தமிழ்நாட்டிலிருந்து சென்றது என்பது நிறுவப்படாத கருத்து. எப்பொழுது, யாரால், எவ்வழியே என்பன இன்னும் விடை காணப்படாத வினாக்கள். இம்மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, தமிழரின் ஊசல் திருவிழா பாங்காக்கில் நடந்தது என ஒரே வரியில் எழுதிவிடுவதே பயணக் கட்டுரைகளிற் காணும் வழு.

மயிலைப் பொற்றாப்பு

இவ்வழுவிற்கு நாமும் விலக்கானவரல்லர் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். முற்கூறிய பூம்பாவைப் பதிகத்தின் ஒன்பதாம் பாட்டில் பொற்றாப்பு என்றொரு விழா வருகின்றது. பொன்னூசல் விழா என அதற்குப் பொருள் கொள்வர். அப்பதிகத்திலேயே, திருவெம்பாவையோடு இன்று நெருங்கிய தொடர்புடையதாகிய ஆதிரை விழாவும் உளது. ஊசல் ஒருபால், ஆதிரை ஒருபால், விளித்து அழைக்கப்படும் பாவை ஒருபால் என மூன்றும் ஏழாம் நூற்றாண்டு மயிலையின் பதிகம் ஒன்றிற் கூடி நிற்கின்றன. மயிலை கடற்கரைப் பட்டினம். இவற்றைக் கண்ட அளவில், பாங்காக்கின் பேரூசலுக்கு மூலம் மயிலையே என எழுதிவிட எழுதுகோல் துடிக்கின்றது. அவ்வாறு எழுதினால் கைதட்டுவார் பலர் இருப்பர்.

ஆயினும் எழுதுதல் கூடாது. பதிகத்திற் பாவை என்பது பூம்பாவை என்னும் பெண்ணின் பெயர், நோன்பின் பெயரன்று. பொற்றாப்பும் ஆதிரையும் வெவ்வேறு பாட்டுகளில் வெவ்வேறு விழாக்களாகக் கூறப்படுகின்றன. பொற்றாப்பு எவ்வாறு நடந்தது, ஊசலில் அமர்ந்தவர் யார், அதனை ஆட்டியவர் யார் என்பனவற்றைப் பதிகம் விரிக்கவில்லை. ஒப்புமை என்பது வினா எழுப்பும் கருவி. விடையாக நிற்கும் ஆற்றல் அதற்கில்லை. நமக்கு இனிக்கும் முடிபிற்கு, இனியாத முடிபிற்குக் கேட்கும் சான்றைவிட மிகுதியான சான்று கேட்பதே ஆராய்ச்சியின் நேர்மையாகும்.

இந்நேர்மையால் தமிழுக்கு இழப்பு யாதேனும் உண்டோ எனின், இல்லை என்போம். உரிமை கோரலில் மறைந்துபோன வியப்பொன்று இதனால் வெளிப்படுகின்றது. தமிழ் வழக்கிழந்த ஒரு நாட்டில், பொருள் விளங்காத நிலையிலும், ஒரு சிறு அந்தணர் குழு தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாடலை நெஞ்சில் தாங்கி வந்திருக்கின்றது. ஒலி திரிந்தது, சொல் சிதைந்தது, ஆயினும் விடவில்லை. அனுப்பியவர் பெருமையினும் காத்தவர் உழைப்புப் பெரிது. நம் பயணக் கட்டுரைகளில் அவர்கள் பெயரளவிலும் இடம்பெறாமை வருந்தத்தக்கது. பௌத்த அரசொன்று சிவனுக்கும் திருமாலுக்கும் ஆண்டுதோறும் வரவேற்பளித்தமையின் கருத்தென்ன, அந்நாட்டார் அதனை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்னும் வினாக்களும் அங்ஙனமே எழுப்பப்படாது நிற்கின்றன.

சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்குக் குடியேறிய தமிழர் அமைத்தது அது. இன்று அங்கே மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்போருள் தாய்லாந்து மக்கள் பலராவர். நவராத்திரி விழாவில் அச்சாலையெங்கும் அவர்கள் நெருங்கி நிற்பர். தமிழன் சென்றால், நம் அம்மன் எனக் கூறி வணங்கி மீள்கின்றான். அருகில் நிற்பவள் அத்தாயிடம் எதனை வேண்டுகின்றாள் என அவன் வினவுவதில்லை. சம்பந்தர் வழியிற் காண்பதாயின், காணத்தக்கது அவ்வேண்டுதலேயாம்.

செய்யத்தக்கன

நிலைமையைத் திருப்பி நோக்குவோம். தாய்லாந்து நாட்டார் ஒருவர் மார்கழி விடியலில் மயிலை மாட வீதிகளுக்கு வருகின்றார் எனக் கொள்வோம். கோலமிட்ட வாயில்களையும் பாவை பாடிச் செல்வோரையும் காண்கின்றார். இது எங்கள் திரியம்பவாய் விழாவின் குறைவுபட்ட வடிவம். ஊசலை இழந்துவிட்டனர் என எழுதிச் சென்றால், நாம் ஏற்போமா? நாம் ஏலாத ஒன்றைப் பிறர்க்குச் செய்தல் தகுமோ? பாடுவோர் அனைவரும் பொருளுணர்ந்தே பாடுகின்றனரா என அவர் வினவினால் நாமும் சிறிது தயங்கவே நேரும். அத்தயக்கமே பாங்காக்கு அந்தணரை நமக்கு உறவினராக்கும்.

ஆகவே தமிழ்த்துறையினர் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவோம். முதலாவது, தென்கிழக்காசியத் தொடர்பு பற்றி ஆராயப் புகும் மாணவர் தாய் மொழியையோ கெமர் மொழியையோ கற்றல் வேண்டும். இரண்டாம் நிலை நூல்களையே மீண்டும் மீண்டும் எடுத்தெழுதுவதால் கருத்துப் பெருகுமேயன்றிச் சான்று பெருகாது. இரண்டாவது, பாங்காக்குச் சுவடிகளின் பாட வேறுபாடுகளை நம் திருமுறைச் சுவடிகளோடு ஒப்பிடல் வேண்டும். சென்னையின் தென்பகுதியிலேயே அடையாற்று நூலகமும், 1943-இல் தொடங்கப்பெற்ற உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்க, இவ்வொப்பீட்டிற்கு இடமின்மையைக் காரணங் கூற இயலாது. பாங்காக்கிற் சிதைந்ததாகத் தோன்றும் ஒரு சொல், நம் பாடத்தினும் பழைய ஒலிப்பையோ ஓதுமுறையையோ காத்துவைத்திருத்தல் கூடும். அவ்வாறில்லை எனினும் அதனை ஆராய்ந்தே கூற வேண்டும். மூன்றாவது, பயண நூல்களைத் திறனாய்வுக்குரிய இலக்கியமாக ஏற்று, அவற்றின் காட்சி நேர்மையை மதிப்பிடும் முறையை வகுத்தல் வேண்டும்.

பேரூசல் இன்று ஆடுவதில்லை. தூண்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றின் முன் நின்று படமெடுத்துத் திரும்புவோர் ஊசலைக் கண்டவர், விழாவைக் கண்டவரல்லர். நின்றுபோன விழாவைக் கண்ணாற் காண இயலாது. பொறுமையுடைய கல்வியால் ஓரளவு காணலாம். காணாது போதல் ஊருக்குச் செல்லாதவர்க்கு மட்டும் நேர்வதன்று. சென்று மீண்டவர்க்கும் நேரும். நம் பயண எழுத்தாளரும் ஆய்வு மாணவரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.